குடியேற்றமும் வறுமையும் குற்றமும்

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



ஐரோப்பாவின் சங்கதியைத் தோட்டத்தில் பேசுவானேன் என்று சிலர் நினைக்கக்கூடும். காரணம் உண்டு. "வந்தவர்களால்தான் திருட்டும் வெட்டுக்குத்தும் பெருகிவிட்டன" என்ற பேச்சு இன்று அங்கே தேர்தல் மேடைதோறும் முழங்குகிறது. இந்தப் பேச்சு நமக்குப் புதியதல்ல. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் கங்காணியின் பின்னால் கப்பலேறி வந்து லயத்தில் குடியிருந்த காலத்தில் இதையேதான் கேட்டார்கள். இன்று நமது நிரைக்கு அடுத்த நிரையில் பால் வெட்டும் தோழன் இந்தோனேசியாவிலிருந்தோ வங்காள தேசத்திலிருந்தோ வந்தவனாக இருக்கிறான். அவனைப் பற்றி நம்மவரில் சிலரே அதே வார்த்தையைச் சொல்லக் கேட்கிறோம். ஆகவே இந்தப் பேச்சில் உண்மை எவ்வளவு, புரட்டு எவ்வளவு என்று அறிந்துகொள்வது நமது கடமை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தொழிலாளியின் பக்கம் நிற்பவர்கள் என்பதற்காகக் கசப்பான கணக்கை நாம் மறைக்கப் போவதில்லை. மறைத்தால் நாம் சொல்லும் நல்ல கணக்கையும் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

முதலில் அளவுகோலைப் பார்ப்போம். பாலில் மெட்ரோலாக் ஒரு கோடு தவறினால் சம்பளம் தவறும் என்பதை வெட்டுக்காரர்கள் அறிவார்கள். செக்ரோலில் ஒரு பெயர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதைக் கிராணிமார் அறிவார்கள். குற்றக் கணக்கும் அப்படித்தான். ஸ்வீடனில் ஒரே ஆள் ஒரே கொடுமையைப் பத்து முறை செய்திருந்தால் பத்துக் குற்றமாக எழுதுவார்கள்; வேறு நாடுகளில் ஒன்றாக எழுதுவதும் உண்டு. போலீஸை மக்கள் நம்பும் நாட்டில் புகார் அதிகம் வரும். நம்பாத நாட்டில் குறையும். ஆகையால் இரு நாட்டுப் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இங்கே குற்றம் அதிகம், அங்கே குறைவு என்று தீர்ப்புக் கூறுவது சரியல்ல. கொலை ஒன்றுதான் ஓரளவு ஒப்பிடத் தக்கது. பிணத்தை மறைப்பது எளிதல்ல.

அந்தக் கொலைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சுவிட்சர்லாந்தில் 100 பேருக்குச் சுமார் 27 பேர் வெளிநாட்டுக் குடிகள். அங்கே ஆண்டுக்கு 1 லட்சம் பேருக்கு 1 கொலைகூட நடப்பதில்லை. லித்துவேனியாவிலோ, சோவியத் ஆட்சி நீங்கிய பிறகு மக்கள் வெளியேறினார்களே தவிர வெளியிலிருந்து வந்து குவியவில்லை. ஆயினும் 1990களின் நடுவில் அங்கே கொலை 1 லட்சத்துக்கு 10ஐத் தாண்டியிருந்தது. பிற்காலத்தில் வெகுவாகக் குறைந்தும் சுவிட்சர்லாந்தைவிட மிகுதிதான். வேலை போனதும், குடியும், சிதைந்த ஆட்சியும் அங்கே செய்த வேலையை எந்த வந்தேறியின் தலையிலும் கட்ட முடியாது.

அப்படியானால் வறுமைதான் குற்றமா? அதுவும் அவ்வளவு எளிதல்ல. 2013இல் கிரீஸ் நாட்டில் 100 தொழிலாளிகளில் சுமார் 27 பேருக்கு வேலை இல்லை. சம்பளமும் ஓய்வூதியமும் வெட்டப்பட்டன. எனினும் அங்கே கொலை 1 லட்சத்துக்கு 2ஐ எட்டவில்லை. ஏழை என்றால் குற்றவாளி என்று சொல்பவன் நம் தாய்மார்களையே அவமதிக்கிறான். வறுமையோடு வேறு சில சேரும்போதுதான் விஷம் பிறக்கிறது. அந்த வேறு சில எவை என்பதே நமது கேள்வி.

ஜெர்மனிக்கு வருவோம். 2015ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 8 லட்சத்து 90 ஆயிரம் பேர் தஞ்சம் தேடி அந்நாட்டுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் சிரியா, ஆப்கானிஸ்தான், ஈராக் நாட்டினர். 2016இல் போலீஸ் பதிவு செய்த குற்றங்கள் சுமார் 63 லட்சத்து 70 ஆயிரம். வந்தவர்கள் திரும்பிப் போய்விடவில்லை. ஆயினும் 2017இல் அந்த எண் 57 லட்சத்து 60 ஆயிரமாக இறங்கிற்று. 2019இல் 54 லட்சத்துச் சொச்சம். கொரோனா கதவடைப்புக் காலத்தில் இன்னும் இறங்கி, 2023இல் 59 லட்சத்து 40 ஆயிரமாக மீண்டும் ஏறியது. அவ்வாண்டில் வன்முறைக் குற்றங்கள் 2 லட்சத்து 14 ஆயிரம்; 15 ஆண்டுகளில் இல்லாத அளவு. இரண்டையும் சொன்னால்தான் நேர்மை.

2023இல் ஜெர்மன் போலீஸ் சந்தேகித்தவர்களில் 100க்கு 41 பேர் வெளிநாட்டினர். மக்கள் தொகையில் அவர்கள் 100க்கு 15 அளவே. இந்த 41ஐத்தான் மேடையில் உரக்கப் படிக்கிறார்கள். அனுமதியின்றி நுழைந்தது, சீட்டு முடிந்தும் தங்கியது ஆகிய குற்றங்கள் இதில் அடக்கம். அவற்றை ஜெர்மானியன் செய்யவே முடியாது. அவற்றைக் கழித்தால் 34 ஆகிறது. சுற்றுலா வந்தவனும் எல்லை தாண்டி வந்து திருடிப் போனவனும் இந்த 34இல் உண்டு. அந்த 15இல் இல்லை. மேலும் சந்தேகப்பட்டவன் எல்லாம் தண்டனை பெற்றவன் அல்லன். இவ்வளவு கழித்தும் மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சத்துக்கு விடை வேண்டும்.

கிறிஸ்டியான் ஃபைஃபர் என்ற குற்றவியல் அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் கீழ் சாக்சனி மாநிலத்தை ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டனர். 2014க்கும் 2016க்கும் இடையில் அங்கே வன்முறைக் குற்றம் 10.4 விழுக்காடு உயர்ந்தது. அந்த உயர்வில் பெரும்பங்கு அகதிகளுடையதே என்று அவர்கள் ஒளிக்காமல் எழுதினார்கள். அடுத்தபடியாக ஏன் என்று கேட்டார்கள். எந்த நாட்டிலும் 14 முதல் 30 வயது வரையுள்ள ஆண்கள்தான் அடிதடியில் முன்னால் நிற்பார்கள். மாநில மக்களில் அவர்கள் 100க்கு 9 பேர். வந்த அகதிகளிலோ 100க்கு 27 பேர். தாய், தங்கை, மனைவி யாரும் கூட இல்லாமல், வேலையும் இல்லாமல், ஒரே கொட்டகையில் அடைபட்ட வாலிபர்கள்.

இன்னும் ஒரு கணக்கு. சிரியா, ஈராக், ஆப்கானிஸ்தான் மக்கள் அங்கிருந்த அகதிகளில் பாதிக்கு மேல். வன்முறையில் சந்தேகிக்கப்பட்ட அகதிகளில் அவர்கள் 100க்குச் சுமார் 35 பேர் மட்டுமே. வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தோர் அகதிகளில் 100க்கு 1 பேர்கூட இல்லை. சந்தேகிக்கப்பட்டோரில் 17 பேர். ஏன்? முன்னவர்களுக்கு இங்கே தங்கலாம், வேலை பெறலாம், குடும்பத்தை அழைக்கலாம் என்ற நம்பிக்கை இருந்தது. பின்னவர்களுக்கு வந்த சில நாளிலேயே கதவு மூடப்படும் என்பது தெரிந்துவிட்டது. நம்பிக்கை இருப்பவன் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்கிறான். இழக்க ஒன்றும் இல்லாதவனிடம் எதைச் சொல்லிப் பயமுறுத்துவது?

பிரிட்டனும் இதையே சொல்கிறது. அங்கே இரண்டு அலைகள் வந்தன. ஒன்று, 1990களின் பிற்பகுதி முதல் வந்த தஞ்சம் கோரியோர். 2002இல் மட்டும் சுமார் 84 ஆயிரம் மனுக்கள். மற்றொன்று, 2004 மே மாதத்தில் போலந்து முதலிய 8 கிழக்கு நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பின் வந்த தொழிலாளர்கள். பெல், ஃபஸானி, மேச்சின் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டு 2013இல் எழுதினார்கள். முதல் அலை சேர்ந்த இடங்களில் திருட்டு முதலிய சொத்துக் குற்றங்கள் சற்றே உயர்ந்தன. இரண்டாவது அலை வந்த இடங்களில் உயரவில்லை. வன்முறையை இரண்டு அலையுமே கூட்டவில்லை.

போலந்துக்காரன் அன்று வந்த மறுநாளே வேலைக்குப் போக முடிந்தது. தஞ்சம் கோரியவனுக்கோ வேலை செய்வது தடை. ஆறு மாதம் கழித்து அனுமதி கேட்கலாம் என்றிருந்த வழியையும் 2002இல் அடைத்தார்கள். கையில் பலம் உண்டு, வேலை தேடும் மனம் உண்டு, ஆனால் வேலை செய்தால் குற்றம்! வேலையையே குற்றமாக்கிவிட்டால் வேறு குற்றத்துக்கும் அதற்கும் தூரம் குறைந்துவிடாதா?

இத்தாலியில் இன்னும் தெளிவான சான்று கிடைத்தது. 2007 டிசம்பரில் வேலை அனுமதிச் சீட்டுக்கு இணையத்தில் மனு வாங்கினார்கள். முந்தியவனுக்குச் சீட்டு, பிந்தியவனுக்கு இல்லை. சில நிமிட வித்தியாசத்தில் ஒருவன் சட்டப்படியான தொழிலாளி ஆனான், மற்றவன் ஒளிந்து வாழ்பவன் ஆனான். இருவரும் ஒரே ஊர், ஒரே ஏழ்மை. பாவ்லோ பினோட்டி என்ற ஆய்வாளர் அடுத்த ஆண்டில் இவர்கள் கதி என்ன ஆயிற்று என்று பார்த்தார். சீட்டுக் கிடைத்தவர்களிடையே குற்ற வீதம் சுமார் பாதியாகக் குறைந்திருந்தது. அவர்கள் இனம் மாறவில்லை; மதம் மாறவில்லை; கையில் ஒரு காகிதம் வந்தது, அவ்வளவுதான்.

ஸ்வீடன் நமக்கு மிகுந்த கவலை தரும் பாடம். தொழிலாளர் கட்சி நெடுங்காலம் ஆண்ட நாடு. 1965 முதல் 1974 வரை 10 லட்சம் வீடுகள் கட்டிய நாடு. அந்தப் புறநகர் அடுக்கு வீடுகள் சிலவற்றில் நாளடைவில் வந்தவர்களும் ஏழைகளுமே மிஞ்சினார்கள். வசதியுள்ளவர்கள் வெளியேறினார்கள், நல்ல பள்ளிப் பிள்ளைகளும் அவர்களோடு வெளியேறினர். இன்று சுமார் 60 வட்டாரங்களைப் போலீஸே ஆபத்தான நிலையில் உள்ளவை என்று பட்டியலிட்டிருக்கிறது. 2022இல் அந்த நாட்டில் 60க்கு மேற்பட்டோர் துப்பாக்கிக்கு இரையானார்கள். சுட்டவர்களிலும் மாண்டவர்களிலும் பலர் வாலிபர்கள், சிலர் சிறுவர்கள்.

அந்நாட்டுக் குற்றத்தடுப்புக் கவுன்சில் 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2015 முதல் 2018 வரையிலான கணக்கு. ஸ்வீடியப் பெற்றோருக்குப் பிறந்தவர்களில் 100க்கு 3 பேர் குற்றச் சந்தேகத்துக்கு ஆளானார்கள். வெளிநாட்டில் பிறந்தவர்களில் 8 பேர். குடியேறிய பெற்றோருக்கு ஸ்வீடனிலேயே பிறந்த பிள்ளைகளில் 10 பேர். வயது, வருமானம், படிப்பு, இருப்பிடம் இவற்றை ஒத்துப்பார்த்துக் கழித்தால் இடைவெளி பெருமளவு சுருங்குகிறது, ஆனால் மறைந்துவிடவில்லை. வறுமை பெரும்பகுதியைச் சொல்கிறது, முழுவதையும் சொல்லவில்லை. அதே வேளையில் 100இல் 90 பேர்மீது எந்தச் சந்தேகமும் இல்லை என்பதும் அதே அறிக்கையின் கணக்குத்தான்.

தோழர்களே, தகப்பனைவிட மகன் கெட்டான் என்கிறது அந்தக் கணக்கு. இதைக் கேட்டு நாம் திடுக்கிட வேண்டும். தகப்பன் தான் விட்டுவந்த ஊரோடு தன் வாழ்வை ஒப்பிட்டுப் பொறுத்துக்கொண்டான். மகன் பக்கத்துத் தெருப் பையனோடு ஒப்பிட்டான். தனக்கு வாசல் அடைபட்டிருப்பதைக் கண்டான். 1980களிலும் 1990களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டு மனைகளாக விற்கப்பட்டபோது, நம் குடும்பங்கள் பட்டண ஓரத்துப் புறம்போக்குக்கும் அடுக்கு வீட்டுக்கும் தள்ளப்பட்டன. அங்கே நம் பிள்ளைகளில் சிலர் குண்டர் கும்பலின் கையில் சிக்கிய கதையை எந்த அறிக்கையும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. பால்மரம் வெட்டிய தகப்பன் கெட்டவனல்லன். மகனும் பிறவியில் கெட்டவனல்லன்.

நிற்க. வந்தவர்கள் செய்த குற்றத்தை எண்ணுகிறவர்கள், வந்தவர்களுக்குச் செய்யப்பட்ட குற்றத்தை எண்ணுகிறார்களா? இத்தாலியின் வயல்களில் 'கப்பொராலே' என்ற ஆள்பிடிப்பவன் இருக்கிறான். கூலியில் பங்கு பிடிப்பான். லாரிக்கும் தண்ணீருக்கும் காசு பிடிப்பான். கங்காணியை அறிந்தவர்களுக்கு இவனை விளக்க வேண்டுமா? 2010 ஜனவரியில் ரொசார்னோ என்ற ஊரில் ஆரஞ்சு பறிக்கும் ஆப்பிரிக்கத் தொழிலாளர்களைக் காற்றுத் துப்பாக்கியால் சுட்டார்கள். அவர்கள் கொதித்தெழுந்தபோது ஆயிரம் பேருக்குமேல் ஊரைவிட்டே அகற்றப்பட்டார்கள். 2016இல் ஆள்பிடிப்பவனையும் அவனை ஏவும் முதலாளியையும் தண்டிக்கச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும், 2024 ஜூனில் லத்தீனா வட்டாரத்தில் இயந்திரத்தில் கை துண்டான ஓர் இந்தியத் தொழிலாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். அவர் மாண்டார். அவரிடம் வேலைச் சீட்டு இல்லை.

பழைய பாடமும் ஒன்று உண்டு. 1893 ஆகஸ்டில் பிரான்சின் ஏக்மோர்த் உப்பளங்களில் பிரெஞ்சுத் தொழிலாளரையும் இத்தாலியத் தொழிலாளரையும் ஒரே துண்டுக்கூலி வேலையில் சேர்த்து ஏவினார்கள். வேலையின் வேகத்தைப் பற்றி எழுந்த சச்சரவு வதந்தியாய் வளர்ந்தது. கூட்டம் திரண்டு இத்தாலியரை வேட்டையாடியது. அரசாங்கக் கணக்கிலேயே 8 பேர் மாண்டார்கள். கூண்டில் நின்றவர்கள் அனைவரும் விடுதலையானார்கள். துண்டுக்கூலி மட்டும் அப்படியே நின்றது. ஏழை ஏழையை அடித்தான். கூலியை நிர்ணயித்தவன் மீது ஒரு கீறல்கூட விழவில்லை.

ஆகவே நாம் கொள்ள வேண்டிய நிலை யாது? குற்றம் செய்தவன் உள்ளூரானாயினும் வெளியூரானாயினும் தண்டனை பெறட்டும். லயத்தில் திருடுபவனையும் பெண்களிடம் வம்பு செய்பவனையும் எந்த நாட்டான் என்று பார்த்து மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒருவன் செய்ததை அவன் நாட்டார் அனைவர் தலையிலும் எழுதாதிருப்போம்.

அடுத்தது, நாம் கேட்க வேண்டியவை. அடுத்த நிரைத் தோழனின் பாஸ்போர்ட் அவன் கையில் இருக்க வேண்டும். பிறர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது இந்நாட்டுச் சட்டத்திலேயே குற்றம். சீட்டுக் காலாவதியாகாமல் புதுப்பிக்கும் பொறுப்பு அவனை வேலைக்கு எடுத்தவருடையது. ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் வேண்டும். அவனுக்குக் குறைத்துக் கொடுப்பது நாளை நமக்கும் குறைப்பதற்கே. சங்கத்தில் அவனுக்கும் இடம் வேண்டும். நம் பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்காமல் பார்த்துக்கொள்வதும், நின்ற பிள்ளைக்குத் தொழில் கற்க வழி தேடுவதும் கிளையின் வேலைதான். அதைப் போலீஸ் நிலையத்துக்கு விட்டுவைக்கக் கூடாது.

இவை தருமம் அல்ல, நமது பாதுகாப்பு. ஜெர்மனியும் பிரிட்டனும் இத்தாலியும் ஸ்வீடனும் காட்டியிருப்பது இதுவே: வேலையும் சீட்டும் குடும்பமும் பள்ளியும் உள்ள இடத்தில் வந்தவன் அயலான் ஆகிறான், அவை இல்லாத இடத்தில் அவனும் கெடுகிறான், ஊரும் கெடுகிறது. அடுத்த மாதக் கிளைக் கூட்டத்துக்கு வரும்போது, அந்த அடுத்த நிரைத் தோழனையும் கூட அழைத்து வாருங்கள்.