தண்ணீர் வரும் நேரமும் மின்சாரம் தளரும் நேரமும்

டில்லியில் நம்மவர் வாழும் பேட்டைகள் பலவற்றில் குழாய்த் தண்ணீர் நாள் முழுவதும் வருவதில்லை. காலையில் சிறிது நேரம், மாலையில் சிறிது நேரம் என்று முறை வைத்து வருகிறது. அந்த நேரம் வந்ததும் வீடுதோறும் கீழ்த்தொட்டி நிறைகிறது. அதை மாடித் தொட்டிக்கு ஏற்றும் மோட்டார்களும் வீடுதோறும் ஒருசேர ஓடத் தொடங்குகின்றன. கோடையில் முந்தைய இரவிலிருந்து ஓடும் ஏ.சி. இயந்திரங்களும் கூலர்களும் அப்போதும் ஓய்வதில்லை. ஒரே மின்மாற்றியைச் சார்ந்த இத்தனை வீடுகளும் ஒரே அரைமணி நேரத்தில் மிகுதியான மின்சாரத்தைக் கேட்டால், கம்பியின் கோடியிலுள்ள வீட்டை எட்டுவதற்குள் மின்னழுத்தம், அதாவது நாம் வழக்கமாகச் சொல்லும் வோல்டேஜ், தளர்ந்துவிடுகிறது. ஆகவே தண்ணீர் வரும் நேரமே வோல்டேஜ் குறையும் நேரமாக அமைவது தற்செயலன்று. மோட்டார்கள் கருகுவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

வோல்டேஜ் குறைந்தால் பழைய குண்டு பல்பு மங்கலாக எரியும். மின்விசிறி மெதுவாகச் சுற்றும். அவற்றுக்கு அதனால் பெரிய தீங்கில்லை. மோட்டாரும் அப்படியே சற்றுத் தளர்ந்து வேலை செய்யும் என்று நம்மில் பலர் எண்ணிவிடுகிறோம். உண்மை இதற்கு நேர்மாறானது. தண்ணீரை மூன்று மாடி உயரத்திற்கு ஏற்ற வேண்டிய வேலை குறையவில்லை. வோல்டேஜ் மட்டும் குறைந்திருக்கிறது. அந்தக் குறையை ஈடுகட்ட மோட்டார் மேலும் மிகுதியான மின்னோட்டத்தை இழுத்துக்கொள்கிறது. வீட்டு மின்சாரத்தின் முறையான அளவு 230 வோல்ட். 1 குதிரைச்சக்தி மோட்டார் அந்த அளவில் ஏறத்தாழ 7 ஆம்பியர் எடுக்கும். வோல்டேஜ் 184-க்கு இறங்கினால், அதே வேலைக்கு 9 ஆம்பியரை நெருங்கிவிடலாம். சுருளில் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுவது. ஆகவே 5-இல் ஒரு பங்கு வோல்டேஜ் குறைந்தால் வெப்பம் ஒன்றரை மடங்காகிறது. செப்புக் கம்பியின் மேல் பூசியுள்ள காப்புப் பூச்சு அதன் வரம்புக்கு மேல் 10 பாகை சூடேறினால் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு.

இதனினும் கொடியது மோட்டார் கிளம்பும் கணம். மோட்டாரின் திருப்பு வலிமை வோல்டேஜின் இருமடியைப் பொறுத்தது. வோல்டேஜ் நூற்றுக்கு 80 ஆனால் வலிமை நூற்றுக்கு 64 ஆகிவிடும். கிளம்பும்போது மோட்டார் சாதாரண அளவைப்போல் ஐந்து ஆறு மடங்கு மின்னோட்டம் எடுக்கும். நல்ல வோல்டேஜில் இஃது ஓரிரு விநாடிகளில் முடிந்துவிடும். வலிமை போதாத மோட்டாரோ சுழலாமல் நின்றபடியே ‘ம்ம்’ என்று உறுமுகிறது. அந்தப் பெருமின்னோட்டம் முழுவதும் வெப்பமாகவே மாறுகிறது. சிறிது நேரம் அப்படியே விட்டுவிட்டால் சுருள் கருகும் நாற்றம் வந்துவிடும். அந்த உறுமலைக் கேட்டவுடன் செய்ய வேண்டியது ஒன்றே: சுவிட்சை நிறுத்துவது. சிலர் பின்புறத்து விசிறியைக் குச்சியால் தள்ளிச் சுழற்றிவிடுகிறார்கள். ஈரத் தரையில் நின்றுகொண்டு செய்யும் இந்தச் சாமர்த்தியத்தை எந்த வீட்டிலும் அனுமதிக்கலாகாது. நல்ல வோல்டேஜிலும் மோட்டார் உறுமினால் கண்டென்சர் பழுதாகியிருக்கக்கூடும். அதை மாற்றுவதற்கு அதிகச் செலவில்லை.

கருகிய மோட்டாரை மிஸ்திரி கழற்றிச் சென்று, சுருளைப் புதிதாகக் கட்டித் திரும்பக் கொண்டுவந்து மாட்டிவிடுவார். கூலியைக் கொடுத்து அனுப்புகிறோம். ஏன் கருகியது என்று அவரும் சொல்வதில்லை. மொழி பழகாத புதுக் குடித்தனக்காரர் கேட்பதும் இல்லை. அடுத்த ஆனியில் அது மீண்டும் கருகுகிறது. இடைப்பட்ட நாட்களில் நான்காம் மாடிக்கு வாளி சுமப்பவர் வீட்டுப் பெண்களாகவோ, ஊரிலிருந்து பேரக் குழந்தைகளைப் பார்க்க வந்த முதியவராகவோ இருப்பார். 1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்து காட்டிய கோயம்புத்தூரிலிருந்து இன்று நாடெங்கும் பம்புகள் செல்கின்றன. நம் ஊர்ப் பொருள்தானே என்று பெருமையோடு வாங்கிவிட்டு, அதன் பெயர்ப்பலகையில் 180 முதல் 240 வோல்ட் என்றோ வேறுவிதமாகவோ குறித்திருப்பதை நாம் படிப்பதில்லை.

ஆகவே முதலில் வேண்டியது சுவிட்சுப் பலகையில் ஒரு வோல்ட்மீட்டர். அதன் விலை ஒருமுறை சுருள் கட்டும் கூலியைவிட மிகக் குறைவு. அதைப் பார்த்துவிட்டு மோட்டாரைப் போடுவது வீட்டில் எல்லாருக்கும் பழக்கமாக வேண்டும். பெயர்ப்பலகையில் குறித்த கீழ்வரம்பை ஒட்டி முள் நின்றால் காத்திருக்க வேண்டும். மோட்டார் கிளம்பும்போது அது மேலும் இறங்கும். கீழ்த்தொட்டி உள்ளவர்களுக்குக் காத்திருப்பதில் நட்டமே இல்லை. குழாய்த் தண்ணீர் தன் போக்கில் தொட்டியில் நிறையட்டும். தெரு மோட்டார்கள் ஓய்ந்த பிறகு, காலை 10 மணிக்கோ இரவு படுக்கப் போகுமுன்னோ மேலேற்றிக்கொள்ளலாம். 1,000 லிட்டர் ஏற்ற நல்ல மோட்டாருக்குப் பொதுவாக அரைமணி போதும். இருவரும் அலுவலகம் செல்லும் வீட்டில் இது கடினந்தான். அங்கே நேரம் குறித்து இயக்கும் கருவி துணை செய்யும், பின்னே கூறும் காப்புக் கருவியும் உடன் இருக்குமாயின்.

வோல்டேஜ் குறைவுக்கு நம் வீட்டுக் கம்பியே காரணமாக இருப்பதும் உண்டு. இதைப் பலர் நம்புவதில்லை. டில்லியின் அடுக்கு வீடுகளில் மீட்டர் கீழே, சுவிட்சு மேல்மாடியில், மோட்டார் மீண்டும் கீழே என்று அமைந்திருக்கும். கம்பி ஏறி இறங்க 30 மீட்டர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். போகவும் வரவும் 60 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியானால், கிளம்பும் கணத்தில் அந்தக் கம்பியே ஏறத்தாழ 25 வோல்ட்டை விழுங்கிவிடும். 4 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் 10 வோல்ட் அளவோடு போகும். இடையில் முறுக்கி நாடா சுற்றிய இணைப்புகள் இருந்தால் இழப்பு இன்னும் மிகுதி. மோட்டார் ஓடும்போது மீட்டரருகே ஒருமுறையும் மோட்டாரருகே ஒருமுறையும் வோல்டேஜை அளந்து காட்டும்படி மிஸ்திரியிடம் கேளுங்கள். இரண்டுக்கும் 20 வோல்ட் வேற்றுமை இருந்தால் மின்சாரக் கம்பெனியை நொந்து பயனில்லை.

ஸ்டெபிலைஸர் வாங்கலாமா என்று பலரும் கேட்பதுண்டு. வாங்கலாம்; ஆனால் குளிர்ப்பெட்டிக்கு வைத்த சிறு கருவி இதற்கு உதவாது. கிளம்பும் மின்னோட்டத்தைத் தாங்க, 1 குதிரைச்சக்தி மோட்டாருக்கு 3 கிலோ வோல்ட்-ஆம்பியர் அளவாவது வேண்டும். மேலும் அது மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. தெருக்கம்பியிலிருந்து கூடுதலாக இழுத்தே நமக்கு நிறைத்துத் தருகிறது. எல்லா வீட்டிலும் அதை வைத்தால் கோடி வீட்டுக்காரர் பாடு முன்னிலும் மோசம். இதே காரணத்தால், தொட்டியில்லாமல் நகராட்சிக் குழாயிலேயே நேராக மோட்டாரைப் பூட்டுவதை டில்லியிலும் மும்பையிலும் தடை செய்திருக்கிறார்கள். அவ்வாறு உறிஞ்சும்போது அடுத்த வீட்டுத் தண்ணீர் குறைவதோடு, குழாயின் விரிசல் வழியே சாக்கடை நீரும் உள்ளே புகுகிறது. இடமில்லாதவர்கள் தரைமட்டத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் தொட்டியேனும் வைத்துக்கொள்வது நல்லது.

எமது கருத்தில் ஸ்டெபிலைஸருக்கு முன்னதாக வாங்கத்தக்கது, வோல்டேஜ் வரம்புக்குக் கீழே போனால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவி. அது மூன்று குணங்கள் உடையதாக இருக்க வேண்டும். கிளம்பும்போது ஏற்படும் கணநேர இறக்கத்திற்குத் துண்டிக்காமல் சில விநாடி பொறுக்க வேண்டும். வோல்டேஜ் சீரானதும் உடனே சேர்க்காமல் இரண்டு மூன்று நிமிடம் தாமதிக்க வேண்டும். மின்சாரம் நின்று மீளும்போது தெரு மோட்டார்கள் அனைத்தும் ஒரே கணத்தில் கிளம்புவதால்தான் இந்தத் தாமதம். மோட்டாரின் ஆம்பியர் அளவுக்கேற்பப் பொருத்திய மிகைச்சுமைத் துண்டிப்பானும் உடன் இருக்க வேண்டும். மிஸ்திரி சிலர், அடிக்கடி துண்டிக்கிறதே என்று அதன் திருகை மேலே ஏற்றிவிடுவார்கள். காவல்காரனை உறங்கச் சொல்வதற்கு ஒப்பான செயல் அது. தரையிணைப்பையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டரருகிலேயே வோல்டேஜ் குறைந்திருந்தால் பொறுப்பு மின்விநியோகக் கம்பெனியுடையது. “இங்கே எப்போதும் இப்படித்தான்” என்று அண்டை வீட்டார் சொன்னால், வெளியூரிலிருந்து வந்த நாம் மேற்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறோம். 2020-ஆம் ஆண்டின் மின் நுகர்வோர் உரிமை விதிகள், வோல்டேஜ் பற்றிய புகாரைக் குறித்த காலத்தில் தீர்க்காமை இழப்பீட்டுக்கு உரிய குறைகளுள் ஒன்று எனக் கூறுகின்றன. ஒரு வாரம் நாள், மணி, வோல்ட் அளவு மூன்றையும் ஒரு தாளில் குறித்துவையுங்கள். ஒரே மின்மாற்றியைச் சார்ந்த நாலைந்து வீட்டாரின் கையொப்பமும் சேர்ந்தால் புகாருக்கு வலு கூடும். புகாரைக் கொடுத்துவிட்டு அதன் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வாடகை வீடாயின் வீட்டுக்காரர் பெயரில் உள்ள இணைப்பு எண்ணையும் மறவாமல் குறிக்க வேண்டும்.