மேப் சொல்லும் வழியும் நம் வீட்டு வாசலும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"ஜிபிஎஸ் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்க" என்று செயலாளர் சொன்னார். நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். இன்ஜினியர் அல்ல. ஆனால் இந்த மேப்பும் ஒரு லெட்ஜர்தானுங்க. பதிந்தது இருக்கும், பதியாதது இருக்காது. தப்பாகப் பதிந்தால் தப்பாகவே காட்டும். அப்படிப் பார்த்தால் அதன் கோளாறுகள் எல்லாம் சுலபமாகப் புரியும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் வேறு, வழி சொல்வது வேறு. ஜிபிஎஸ் அமெரிக்க அரசு நடத்துவது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் முப்பது சொச்சம் செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அவற்றில் குறைந்தது நான்கின் சிக்னலை வைத்து, தான் எங்கே இருக்கிறோம் என்று உங்கள் போன் கணக்குப் போடுகிறது. அத்தோடு ஜிபிஎஸ் வேலை முடிந்தது.

எந்த ரோட்டில் போவது என்பது மேப் கம்பெனியின் கணக்கு. ஒவ்வொரு ரோட்டுக்கும் இத்தனை நிமிடம் என்று போட்டு, கூட்டுத்தொகை குறைவாக வரும் வழியை எடுத்துக் கொடுக்கிறது. அந்த நிமிடக் கணக்கில் பெரும்பகுதி, அதே ரோட்டில் போகும் மற்றவர்களின் போன்கள் எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்பதிலிருந்து வருகிறது. 2020-இல் பெர்லின் நகரில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 போன்களை ஒரு சின்ன வண்டியில் போட்டு, தெருவில் மெதுவாக இழுத்துக்கொண்டு நடந்தார். கூகுள் மேப் அதைப் பெரிய டிராபிக் என்று எடுத்துக்கொண்டு தெருவைச் சிவப்பாகக் காட்டியது. ஆள் இருக்கிறதா, வண்டி இருக்கிறதா என்று அது கண்ணால் பார்ப்பதில்லை. வந்த வவுச்சரைப் பதிகிறது, அவ்வளவுதான்.

இனி நம் ஊருக்கு வருவோம். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜி.டி. நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தார்கள். போனுக்கு இடம் தெரியும் அளவுக்கு உயரம் துல்லியமாகத் தெரியாது. நீங்கள் பாலத்தின் மேலே போனாலும், கீழே அவினாசி ரோட்டில் போனாலும் மேப்பில் ஏறக்குறைய ஒரே கோடுதான். மேலே போகிறவரைப் பார்த்து "இடதுபுறம் திரும்பவும்" என்று அது சொன்னால் ஆச்சரியப்பட வேண்டாம். ஏறும் இடம், இறங்கும் இடம் இரண்டையும் கிளம்புவதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்னலை எடுத்துவிட்டு யு-டர்ன் வைத்த இடங்கள் நம் நகரத்தில் பல. போலீஸ் ஒரே ராத்திரியில் மாற்றிவிடலாம், மேப் அடுத்த நாளே மாறும் என்று சொல்ல முடியாது. மழை பெய்தால் லங்கா கார்னர், கிக்கானி பள்ளி, அவினாசி ரோடு ரயில்வே பாலங்களுக்கு அடியில் தண்ணீர் நிற்கும் என்பது இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். மேப் அதையே "வேகமான வழி" என்று காட்டலாம்.

நல்லதையும் சொல்ல வேண்டும். குறுகலான சந்துகளில் கார்களை விடாமல் தவிர்க்கும் வசதியை 2024 ஜூலையில் கூகுள் இந்தியாவில் எட்டு நகரங்களில் கொண்டுவந்தது. அந்த எட்டில் கோவையும் ஒன்று. ஆனால் நகரத்தைத் தாண்டி ஒரு தோட்டத்துக் கல்யாணத்துக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் வேலி வைத்த இட்டேரியை அது ரோடு என்று காட்டும். உள்ளே போனால் எதிரே டிராக்டர், பின்னால் வர இடமில்லை. பெயர்க் குழப்பம் இன்னொரு பக்கம். செட்டிபாளையம் என்று அடித்தால் கோவைப் பக்கமும் வரும், திருப்பூர்ப் பக்கமும் வரும். பத்திரிகையில் உள்ள தாலுகாவையும் சேர்த்து அடியுங்கள்.

மலைக்குப் போகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2024 ஜனவரியில் கூடலூரில் கர்நாடகாக்காரர்கள் மேப்பை நம்பி வந்து, படிக்கட்டில் காரை இறக்கிவிட்டார்கள். போலீசும் ஊர்மக்களும் உதவித்தான் கார் வெளியே வந்தது. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பரேலி பக்கம், வெள்ளம் அரித்துக்கொண்டு போன பாலத்திலிருந்து கார் ராம்கங்கா ஆற்றுப் படுகையில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பாலம் அதற்கு முன்பே உடைந்திருந்தது. மேப் அதைக் காட்டவில்லை, ரோட்டிலும் சரியான தடுப்பு இல்லை. சத்தியமங்கலம் தாண்டி திம்பம் மலைப்பாதையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை கார்களுக்கு அனுமதி இல்லை. ஊட்டிக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ். இதையெல்லாம் நாம்தான் தெரிந்துகொண்டு கிளம்ப வேண்டும்.

இப்போது நம் காலனி விஷயம். இதற்காகத்தான் நான் பேச ஒத்துக்கொண்டேன். போன மாதம் மூன்றாவது குறுக்குத் தெருவில் ஒரு அம்மாவுக்கு நெஞ்சுவலி. கூப்பிட்ட ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது, ஆனால் காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம். நாம் குறித்துக் கொடுக்கும் புள்ளிக்கு மிக அருகில் உள்ள ரோட்டில் மேப் வண்டியை நிறுத்தும். நடுவில் எட்டடிச் சுவர் இருப்பது அதற்குத் தெரியாது. பூட்டியே கிடக்கும் நம் வடக்கு கேட்டையும் அது வாசல் என்று நினைக்கிறது. சுற்றிக்கொண்டு மெயின் கேட்டுக்கு வரப் பதினோரு நிமிடம் ஆனது. அந்த அம்மா இன்று நலமாக இருக்கிறார். அடுத்த முறையும் அப்படியே அமையும் என்று நாம் இருந்துவிடக் கூடாது. நம்மில் பாதிப் பேருக்கு அறுபது தாண்டிவிட்டது. பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிறார்கள்.

ஆகவே நான்கு வேலைகள்.

ஒன்று, வடக்கு கேட் மூடியது என்றும், மெயின் கேட்தான் நுழைவு என்றும் மேப்பில் திருத்தம் அனுப்புவது. ஒருவர் அனுப்பினால் நிலுவையில் கிடக்கலாம். இருபது பேர் அனுப்புவோம்.

இரண்டு, ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வாசலில் நின்று லொகேஷனை எடுத்து, பிள்ளைகளுக்கும் பக்கத்து வீட்டுக்கும் அனுப்பி வைப்பது. 2025 மே மாதம் தபால் துறை வெளியிட்ட டிஜிபின்னையும் எழுதிக்கொள்ளுங்கள். நாட்டை ஏறக்குறைய 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு கொடுத்திருக்கிறார்கள்.

மூன்று, 108-க்குச் சொல்லும்போது லொகேஷனோடு நிற்காமல், "பிள்ளையார் கோயில் எதிரில் உள்ள மெயின் கேட்" என்று வாயாலும் சொல்வது. வாட்ச்மேனுக்கு உடனே போன் செய்து ஒரு ஆளை ரோட்டில் நிறுத்துவது.

நான்கு, வீட்டு எண் பலகையைப் பெரிதாக, இரவில் தெரியும்படி வைப்பது. பழைய எண், புதிய எண் இரண்டும் வேண்டும்.

வங்கியில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்காமல் பணம் வெளியே போகாது. மேப்புக்கும் அதே விதிதான். அது எழுதட்டும், நீங்கள் சரிபாருங்கள். வெளியூரில் சந்தேகம் வந்தால் பேக்கரியில் வண்டியை நிறுத்தி ஒரு டீ சொல்லுங்கள். "ஏனுங்க, இந்த ரோட்டுல கார் போகுமுங்களா?" என்று கேளுங்கள். பாலம் உடைந்திருந்தால் முதலில் சொல்லப்போவது டீ போடுகிறவர்தான்.

திருத்தம் அனுப்பத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்க அலுவலகத்துக்குப் போனோடு வாருங்கள். நான் உட்கார்ந்திருப்பேன். அடுத்த கூட்டத்துக்குள் 64 வீடும் டேலி ஆகிவிட வேண்டும்.