அம்மாவோட பாஸ்புக்

போன வாரம் ஆரணிக்குப் போயிருந்தேன். அப்பா கடைக்குப் போன நேரமாப் பார்த்து அம்மா ஒரு போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக்கை எடுத்து வந்தாங்க. "எனக்கப்புறம் இது யாருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுடா"ன்னாங்க. அப்படியொரு கணக்கு இருக்கிறதே எங்க யாருக்கும் தெரியாது.

எங்க வீட்ல ஒரு பட்டுத் தறி. நெய்யறது அப்பா, தார் சுத்துறது அம்மா. ஆனா சேலைக்கூலி மொத்தமும் அப்பா கைக்குத்தான் வரும். தெருவுல மத்தவங்க சேலைக்கு முந்தானைக் குஞ்சம் கட்டின காசு மட்டும்தான் அம்மாவோடது.

எனக்கு உடனே அபிகெய்ல் ஆடம்ஸ் ஞாபகம் வந்தாங்க. அமெரிக்காவின் 2-வது அதிபர் ஜான் ஆடம்ஸோட மனைவி. 1764-ல் கல்யாணம். அன்றைய சட்டப்படி மனைவி சம்பாதிக்கிற காசும் கணவருக்குத்தான் சொந்தம். அரசியல், தூதர் வேலைன்னு ஜான் வருஷக்கணக்கா வெளியூர்ல. ஐரோப்பாவிலிருந்து அவர் அனுப்பின கைக்குட்டை மாதிரியான சாமான்களை இவங்க வித்தாங்க. ஜானுக்கு நிலம் வாங்கத்தான் ஆசை. இவங்க அரசாங்கக் கடன் பத்திரம் வாங்கினாங்க. அதுதான் நல்லா லாபம் தந்தது.

புதுச் சட்டம் எழுதும்போது பெண்களை மறக்காதீங்கன்னு 1776-ல் கணவருக்கே கடிதம் எழுதினாங்க. அவர் சிரிச்சுக்கிட்டே பதில் போட்டார். இவங்க சும்மா இருக்கலை. 1816-ல், கணவர் உயிரோட இருக்கும்போதே ஒரு உயில் எழுதினாங்க. பேத்திகள், மருமகள்கள், வீட்டு வேலை செஞ்சவங்கன்னு, கிட்டத்தட்ட எல்லாமே பெண்களுக்கு. சட்டத்தில் அந்த உயில் செல்லாது. ஆனா 1818-ல் அவங்க இறந்த பிறகு ஜான் அதை மதிச்சு நடந்தார்.

நம்ம ஊர்ல? பெண்ணுக்கும் சம சொத்துரிமைன்னு 1929-லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டாச்சு. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தர்ற சட்டம் வந்தது 1989-ல். அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்கு அது பொருந்தாது. அம்மாவுக்கு 1986-ல் கல்யாணம். 2005-ல் மத்தியச் சட்டம் வந்தப்போ, மாமாங்க பாகம் பிரிச்சு முடிச்சிருந்தாங்க.

பேப்பரை எடுத்து, "யார் பேரும்மா?"ன்னு கேட்டேன். எதிர்வீட்ல தார் சுத்துற அத்தையையும் என் தங்கச்சியையும் சொன்னாங்க. என் பேர் இல்லை.

"உனக்கு ஏடிஎம் கார்டு இருக்கில்ல?"ன்னு சிரிச்சாங்க.

உங்க அம்மாகிட்டயும் ஒருதடவை கேட்டுப் பாருங்க, அவங்க பேர்ல என்ன இருக்குன்னு.