இரண்டு யாசோன்கள்



மக்கபேயர் நூல்கள் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவர்கள் ஒரு தாயும் அவருடைய ஏழு மகன்களும். இறந்தோர்க்காகச் செபிக்கும் நவம்பர் மாதத்திலும் இரண்டாம் நூலைக் கையில் எடுக்கிறோம். இன்று அதே நூலின் நான்காம் அதிகாரத்தைச் சற்றுத் திறந்து பார்ப்போம். அங்கே எருசலேமில் ஓர் உடற்பயிற்சிக்கூடம் எழும்புகிறது.

கி.மு. 323-இல் அலக்சாண்டர் இறந்தபின் அவருடைய தளபதிகள் பேரரசைப் பங்கிட்டுக்கொண்டார்கள். யூதேயா முதலில் எகிப்தை ஆண்ட தாலமி அரசர்களிடமும், பின்னர் சிரியாவை ஆண்ட செலூக்கிய அரசர்களிடமும் இருந்தது. ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இந்த அரசர்கள் யூதரின் திருச்சட்டத்தில் பெரும்பாலும் தலையிடவில்லை. ஆனால் அரசு அலுவலருக்கு மனு எழுத வேண்டுமா, கிரேக்கம் வேண்டும். கடல் கடந்து வாணிபம் செய்யவும் அதே மொழிதான். உடற்பயிற்சிக்கூடம் என்பதும் வெறும் மல்யுத்தக் களமன்று. அதில் பயின்ற இளைஞனே கிரேக்க முறையில் அமைந்த நகரின் குடிமகன் ஆகலாம். கதவு அங்கே இருந்தது. யாரையும் உள்ளே தள்ள வேண்டியிருக்கவில்லை.

கி.மு. 175-இல் அந்தியோக்கு எப்பிபான் அரியணை ஏறியபோது, தலைமைக் குரு ஓனியாவின் தம்பி அரசரிடம் போனார். தலைமைக் குரு பதவிக்காக 360 தாலந்து வெள்ளியும், வேறொரு வருமானத்திலிருந்து 80 தாலந்தும் தருவதாகச் சொன்னார். உடற்பயிற்சிக்கூடம் கட்ட அனுமதித்தால் மேலும் 150 தாலந்து! கேட்டது அரசரல்லர், கோவிலைச் சேர்ந்தவரே கேட்டார். அவர் தமக்கு வைத்துக்கொண்ட கிரேக்கப் பெயர் யாசோன். அவருடைய இயற்பெயர் இயேசு என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். பெயரைக் கேட்டதும் நமக்கே ஒரு கணம் சுருக்கென்கிறது.

குருக்கள் பலிபீடப் பணியில் ஆர்வம் இழந்து, வட்டெறிதலுக்கு அழைப்பு வந்ததும் ஓடினார்கள் என்று அந்நூல் சொல்கிறது. பீடத்தில் நிற்கும் நாம் இந்த இடத்தை வேகமாகக் கடந்துபோகத்தான் விரும்புவோம். மூன்று ஆண்டுகளுக்குப்பின் மெனலா என்பவர் 300 தாலந்து கூடுதலாக ஏலம் கேட்க, யாசோனின் பதவியும் போயிற்று.

கட்டாயம் வந்தது பிறகுதான். கி.மு. 167-இல் ஓய்வுநாளும் விருத்தசேதனமும் தடைசெய்யப்பட்டன, கோவில் தீட்டுப்படுத்தப்பட்டது. தொண்ணூறு வயது எலயாசரைப் பன்றி இறைச்சி உண்ணச் சொன்னார்கள். அவருடைய பழைய நண்பர்கள் தனியே அழைத்துப்போய் ஒரு வழி சொன்னார்கள்: சட்டம் அனுமதிக்கும் இறைச்சியை நீரே கொண்டுவாரும், அரசர் கட்டளையிட்டதை உண்பதுபோல் நடித்துவிடும். நண்பர்கள் கெட்டவர்கள் அல்லர், அன்பினால்தான் சொன்னார்கள். எலயாசர் மறுத்தார். இந்த வயதில் எலயாசரும் மாறிவிட்டார் என்று இளைஞர்கள் நினைத்து வழிதவறுவார்களே என்பதே அவருடைய கவலை. அவருடைய பிடிவாதம் உணவைப் பற்றியது மட்டுமன்று என்பது இங்கே தெரிகிறது. உண்ணாததை உண்டதாகக் காட்டவும் அவர் மறுத்தார்.

இப்போது வியப்பான செய்திக்கு வருவோம். எலயாசரின் இந்தச் சாட்சியத்தை நமக்குத் தரும் இரண்டாம் மக்கபேயர் நூல் எழுதப்பட்ட மொழி கிரேக்கம்! ஐந்து ஏடுகளில் இருந்த ஒரு பெரிய வரலாற்றின் சுருக்கமே தம் நூல் என்று அதன் ஆசிரியர் முன்னுரையில் சொல்கிறார். அந்தப் பெரிய வரலாற்றை எழுதியவர் சிரேன் நகரைச் சேர்ந்த ஒரு யூதர். சிலுவைப் பாதையின் ஐந்தாம் நிலையில் நாம் சந்திக்கும் சீமோனின் அதே ஊர். அவருடைய பெயரும் யாசோன்தான்.

ஒரு யாசோன் குருத்துவத்தை விலைக்கு வாங்கினார். இன்னொரு யாசோன், வென்றவர்களின் மொழியிலேயே, அடிபணியாதவர்களின் கதையைக் காப்பாற்றினார். இருவருக்கும் பெயர் ஒன்று, படிப்பும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்திருக்கும்.

வாளெடுத்து வென்ற மக்கபேயரின் வழித்தோன்றல்களும் கிரேக்கத்தை விடவில்லை. அவர்களில் ஒருவர் அலக்சாண்டர் யன்னேயு. அவர் வெளியிட்ட நாணயங்களில் எபிரேயமும் கிரேக்கமும் இருக்கின்றன. ஆண்டவரின் திருத்தூதர்களில் பிலிப்பு, அந்திரேயா இருவருக்கும் கிரேக்கப் பெயர்கள். பந்தயத் திடலில் ஓடுவோரைப் பவுல் கொரிந்தியருக்கு உவமை காட்டினார். நாம் சொல்லும் 'கிறிஸ்து' என்ற சொல்லே கிரேக்கம்.

கி.மு. 164-இல் யூதா மக்கபே கோவிலைத் தூய்மைப்படுத்தினார். அந்த நாளை யூதர் ஆண்டுதோறும் கோவில் அர்ப்பண விழாவாகக் கொண்டாடினார்கள். யோவான் நற்செய்தி பத்தாம் அதிகாரத்தில் அந்த விழா வருகிறது. குளிர்காலம். சாலமோன் மண்டபத்தில் நம் ஆண்டவர் நடந்துகொண்டிருக்கிறார். விழா, கிரேக்கமயமாக்கலை எதிர்த்துக் கோவிலை மீட்டதன் நினைவு. யோவான் அதை நமக்குச் சொல்வது கிரேக்கத்தில்.