வீடு விற்பார்க்குச் சில சொற்கள்



வீட்டை விற்க எண்ணும் நம்மவர் முதலில் வாங்குவது சுண்ணாம்பு. கார்த்திகைத் தீபத்திற்கு ஊர் கூடுமுன் வெள்ளையடித்து வாயிலைத் துலக்குதல் நன்றே. ஈரச்சுவரை மட்டும் பூசி மறைத்தல் வேண்டா. வாங்குவோர் எளிதிற் காணவொண்ணாக் குறையை அறிவித்தல் விற்போர் கடமையென 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் கூறுகின்றது.

விற்பனையைத் தடுப்பது பெரும்பாலும் சுவரன்று, பத்திரமே. மாடவீதிக்கருகே எம் தந்தையார் கட்டிய வீட்டை விற்க முற்பட்டபோது மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வரி ரசீது யாவும் திரட்டி வைத்திருந்தோம். வந்தவர் விலைக்கும் இசைந்தார். பின், "தங்கள் தமக்கையார் கையொப்பம் எங்கே?" என்றார். "சீர்செய்து அனுப்பியாயிற்றே" என்றோம். (மாணவர்க்கு நீதிநூல் கற்பிக்கும் வாய் இது!) சீர்வரிசை விடுதலைப் பத்திரமாகாது. உயிலின்றி இறந்தவரின் சுயார்ஜிதத்தில் மகளுக்கும் மகனோடொத்த பங்குண்டென்பது 1956-இலேயே சட்டமாயிற்று; பிதிரார்ஜிதத்திலும் அவ்வுரிமை 2005-இல் நாடெங்கும் வந்தது. வந்தவர் வேறு வீடு கண்டுகொண்டார். அடுத்து வந்தவர் விலையைக் குறைத்தே கேட்டார்.

ஆதலின் விலை பேசுமுன் உடன்பிறந்தாளிடம் பேசுங்கள். பங்கைக் கொடுங்கள், வேண்டாவெனின் அவரே மனமுவந்து விடுதலைப் பத்திரம் பதிந்து தரட்டும்.

"தம்பி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே வந்திருப்பேனே" என்றார் எம் தமக்கையார், பதிவலுவலக வாயிலில்.