உலகச் சட்டம் நம் தெருவுக்கு வரட்டும்

(வலியசாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்க 1979-இல் ஐ.நா. உடன்படிக்கை கண்டது; 1993-இல் இந்தியாவும் ஏற்றது. வெறும் காகிதமா அது? அதை ஆதாரமாகக் கொண்டே 1997-இல் விசாகா வழக்கில் உச்சநீதிமன்றம் பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிராக நெறிமுறை வகுத்தது. 2013-இல் சட்டமே வந்தது. பத்துப் பேருக்குக் குறைவான கடைகளில் நிற்கும் பெண்களும், வீட்டுவேலை செய்வோரும் மாவட்டந்தோறும் அமையவேண்டிய உள்ளூர்க் குழுவிடம் முறையிடலாம்.

ஆனால், பிழைக்க வந்த ஊரில் வாய் திறந்தால் வேலை போய்விடுமே என்று நம் சகோதரி அஞ்சுகிறாள். புகாருக்குச் சட்டம் தரும் தவணை மூன்று மாதம். மலையாளம் எழுதத் தெரியாதவளுக்கு மனு எழுதித் தருவோம், துணைக்கும் செல்வோம். சங்கம் என்பது வேறு எதற்கு?