சேரக்கூடாத திரவங்கள்



திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் பாதையை உங்களிற் பலர் அறிந்திருப்பீர்கள். கல்லாற்றைக் கடந்தபின் 22 கொண்டையூசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பிச் செல்கின்றன. ஏறும்போது இயந்திரத்தின் வலிமை சோதிக்கப்படுகிறது. இறங்கும்போது பிரேக்கின் வலிமை சோதிக்கப்படுகிறது. பல ஆண்டுகளுக்கு முன் நானும் நண்பர் மூவரும் ஒரு பழைய ஜீப் வண்டியில் அந்த மலைக்குப் புறப்பட்டோம். வண்டியை ஓட்டியவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர், அனுபவசாலி. கல்லாற்றுப் பாலத்தருகே வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினார். "அண்ணாச்சி, வண்டி தானா உருள மாட்டேங்குது. யாரோ பின்னாலேயிருந்து பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு" என்றார். சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோனேன். பிரேக் டிரம் அடுப்பில் வைத்த தோசைக்கல்லைப்போல் கொதித்துக்கொண்டிருந்தது.

காரணம் பிறகு தெரிந்தது. இரண்டு நாட்களுக்கு முன் வழியோரப் பட்டறை ஒன்றில் பிரேக் திரவம் குறைந்திருப்பதைக் கண்ட பையன் ஒருவன், கைக்கெட்டிய தகர டப்பாவிலிருந்த இயந்திர எண்ணெயை ஊற்றி நிரப்பியிருக்கிறான். அவன் தீய எண்ணத்தோடு செய்ததன்று. எண்ணெய்க்குப் பதில் எண்ணெய்தானே என்று நினைத்தான். அவன் ஊற்றியது ஓர் ஆழாக்குக்குமேல் இராது. ஆனால் அந்த ஆழாக்கு எண்ணெய், ஐந்து உயிர்களை மலைச்சரிவில் கொண்டுபோய்த் தள்ளியிருக்கக் கூடும்.

அது எப்படி என்பதை இன்று சொல்ல விரும்புகிறேன்.

அடைபட்ட திரவத்தின்மீது ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பது பிரெஞ்சு நாட்டு அறிஞர் பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டில் கண்ட உண்மை. சிறிய குழாயில் சிறிய விசையோடு அழுத்தினால், அதனோடு இணைந்த பெரிய குழாயில் பெரிய விசை கிடைக்கும். இதைக்கொண்டு இங்கிலாந்தில் ஜோசப் பிரமா என்பவர் 1795-ஆம் ஆண்டில் ஓர் அழுத்து இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பயன்படுத்திய திரவம் தண்ணீர். தத்துவம் எளிது, ஆனால் பிஸ்டனைச் சுற்றித் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. அவரிடம் வேலைபார்த்த ஹென்றி மாட்ஸ்லே தோலால் ஒரு கிண்ணம் செய்து பொருத்தினார். அழுத்தம் ஏற ஏற அந்தத் தோற்கிண்ணத்தின் விளிம்பு சுவரோடு மேலும் இறுகும். கசிவு நின்றது. கசிவை நிறுத்தும் இந்தச் சிறு கிண்ணம் இல்லாவிடில் பாஸ்கலின் விதி ஏட்டிலேயே நின்றிருக்கும் என்பது என் எண்ணம்.

தண்ணீருக்கு இரண்டு குறைகள் உண்டு. அது இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும்; உராயும் பாகங்களுக்கு வழவழப்புத் தராது. 1906-ஆம் ஆண்டில் அமெரிக்கப் போர்க்கப்பலான வர்ஜீனியாவின் பீரங்கி மேடையைத் திருப்பத் தண்ணீருக்குப் பதிலாக எண்ணெயைப் பயன்படுத்தினார்கள். அதுமுதல் பூமியிலிருந்து எடுக்கும் கனிம எண்ணெயே இத்துறையில் அரசோச்சி வருகிறது. தோற்கிண்ணத்தின் இடத்துக்கு ரப்பர் வந்தது. தொல்லையும் அதனோடு வந்தது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ரப்பர் துண்டு ஒன்றை இரண்டாக வெட்டி, ஒன்றை மண்ணெண்ணெயிலும் மற்றொன்றை விளக்கெண்ணெயிலும் போட்டு, அடுப்புக்கு எட்டத்தில் ஓர் இரவு வைத்திருங்கள். மறுநாட்காலை மண்ணெண்ணெயிலிருந்த துண்டு உப்பிப் பெருத்து, நகத்தால் கிள்ளினால் பிய்ந்துவிடும் நிலையில் இருக்கும். விளக்கெண்ணெயிலிருந்தது அநேகமாக மாறாமல் இருக்கும். நம் மரத்து ரப்பருக்குக் கனிம எண்ணெய் பகை, ஆமணக்கெண்ணெய் பகையன்று. ஆகவேதான் மோட்டார் வண்டிகளில் திரவ பிரேக் வந்த ஆரம்ப காலத்தில் ஆமணக்கெண்ணெயோடு சாராயச் சத்தைக் கலந்து அதன் குழாய்களில் நிரப்பினார்கள். இப்போது கிளைக்கால் என்ற இனத்தைச் சேர்ந்த செயற்கைத் திரவங்களை நிரப்புகிறார்கள். அவையும் பார்வைக்கு எண்ணெய்போல் இருக்கும். ஆனால் எண்ணெய் அல்ல.

இனி நம் ஜீப் வண்டிக்கு வருவோம். பிரேக் மிதியின் கீழே தலைமை சிலிண்டர் இருக்கிறது. அதற்குள் ஒரு பிஸ்டன், அதன் முகப்பில் ஒரு ரப்பர் கிண்ணம். மிதியை விட்டதும் பிஸ்டன் பின்வாங்கும்; அப்போது கிண்ணத்தின் விளிம்புக்கு முன்னால் குண்டூசி நுழையுமளவுள்ள ஒரு துளை திறக்கும். சக்கரங்களிலிருந்து திரும்பும் திரவம் அந்தத் துளை வழியாகவே தொட்டிக்குப் போகவேண்டும். கனிம எண்ணெய் பட்டு ரப்பர் கிண்ணம் உப்பியதால், அதன் விளிம்பு நீண்டு துளையை மூடிக்கொண்டது. திரவம் திரும்ப வழியில்லை. பிரேக் முழுதும் விடுபடவில்லை. உராய்ந்த டிரம் சூடேறிற்று. சூட்டால் அடைபட்ட திரவம் விரிந்தது. விரிந்த திரவம் பிரேக்கை மேலும் இறுக்கிற்று. இதனோடு நின்றிருந்தால் வண்டி ஓடாமல் நின்றுபோவதோடு போயிருக்கும். ஆனால் ஊறிய ரப்பர் சில நாட்களில் கூழாகிக் கிழியும். அப்போது அழுத்தம் முழுதும் வெளியேறி, மிதி தரையைத் தொடும். முதலில் விடாப்பிடியாகப் பிடித்து, பிறகு சிறிதும் பிடிக்காமற் போவது இந்த நோயின் குணம். ஓட்டுநர் முதற்கட்டத்திலேயே வண்டியை நிறுத்தினார். அதனால்தான் இன்று உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

அவ்வாறாயின் ரப்பரை மாற்றிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். கனிம எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் இருக்கிறது. தொழிற்சாலை அழுத்து இயந்திரங்களிலும் மண் அள்ளும் இயந்திரங்களிலும் அதுதான் மிகுதி. ஆனால் எல்லாத் திரவங்களுக்கும் ஏற்ற ஒரே ரப்பர் மலிவாகக் கிடைப்பதில்லை. விமானங்களைப் பாருங்கள். கனிம எண்ணெய் எளிதில் தீப்பற்றும் என்பதால், 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் டக்ளஸ் விமானக் கம்பெனியும் மான்சான்டோ ரசாயனக் கம்பெனியும் சேர்ந்து பாஸ்பேட் எஸ்டர் வகைத் திரவம் ஒன்றை உருவாக்கின. நம் விமான நிலையத்தில் வந்திறங்கும் போயிங், ஏர்பஸ் விமானங்களின் இறக்கைத் தகடுகளையும் சக்கரங்களையும் இயக்குவது இந்த இனத் திரவமே. இது நைட்ரைல் ரப்பரை அரித்துவிடும். இதைத் தாங்கும் எத்திலீன் புரொப்பிலீன் ரப்பரோ, கனிம எண்ணெயில் உப்பிவிடும். ஒன்றுக்கு அமுதம் மற்றொன்றுக்கு நஞ்சு. கண்ணால் பார்த்தே பிரித்தறிவதற்காக ஒன்றுக்கு ஊதா நிறமும், மற்றதற்குச் சிவப்பு நிறமும் ஊட்டியிருக்கிறார்கள். பிரான்சில் சிட்ரோயன் மோட்டார்க் கம்பெனி 1966-ஆம் ஆண்டில் தன் வண்டிகளின் திரவத்தைக் கனிம எண்ணெயாக மாற்றியபோது, திரவத்துக்குப் பச்சை நிறம் ஊட்டியதோடு நில்லாமல், அது செல்லும் உறுப்புக்களுக்கும் பச்சை வர்ணம் பூசியது. எழுத்தறியாதவரும் ஏமாறாத முறை இது. நிறத்தைவிடச் சிறந்த பெயர்ப்பலகை பட்டறையில் இல்லை.

இதுவரை, தவறிக் கலந்துவிடாமல் காப்பதைப் பற்றிச் சொன்னேன். ஆனால் ஒரே இயந்திரத்தில் இரண்டு திரவங்களும் இருந்தே தீரவேண்டும், அவை பக்கத்திற்பக்கம் நின்றும் கலக்கக்கூடாது என்ற நிலையும் உண்டு. சுவையான பகுதி இதுதான்.

எண்ணெயால் இயங்கும் பம்பைக்கொண்டு அமிலத்தைத் தள்ளவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நடுவே நெகிழும் சவ்வு ஒன்றைக் கட்டி, இப்புறம் எண்ணெயும் அப்புறம் அமிலமும் நிரப்புகிறார்கள். எண்ணெய் தள்ள, சவ்வு வளைந்து அமிலத்தைத் தள்ளுகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அழுத்தத்தை இந்த மெல்லிய சவ்வு எப்படித் தாங்குகிறது என்று வியக்கத் தோன்றும். உண்மையில் அது ஒன்றையும் தாங்கவில்லை. இருபுறமும் அழுத்தம் சமமாக இருப்பதால் சவ்வின்மீது பாரம் இல்லை. அது வேலியாக நிற்கிறதேயன்றிச் சுவராக நிற்கவில்லை. ஒருபுறம் திரவம் வற்றிவிட்டால்தான் ஆபத்து. அப்போது மறுபுற அழுத்தம் முழுதும் சவ்வின்மேல் விழுந்து அதைக் கிழித்துவிடும். அதனால் சவ்வு சாய்ந்துகொள்ளத் துளையிட்ட தட்டு ஒன்றை இருபுறமும் வைப்பார்கள்.

திரவத்தையும் வாயுவையும் பிரிப்பதும் இம்மாதிரியே. அழுத்தத்தைச் சேமித்துவைக்கும் எஃகுக் கலங்களில் ஒரு ரப்பர்ப் பைக்குள் நைட்ரஜனை அடைத்து, அதைச் சுற்றி எண்ணெயை ஏற்றுவார்கள். பையில்லாவிடில் வாயு எண்ணெயிற் கரைந்து, அழுத்தம் தணியும் இடத்தில் நுரைத்தெழும். நைட்ரஜனுக்குப் பதில் சாதாரணக் காற்றையோ பிராணவாயுவையோ அடைத்தால், பை கிழியும் நாளில் எண்ணெய் ஆவி அதனோடு சேர்ந்து டீசல் இயந்திரத்தில் வெடிப்பதுபோல் வெடிக்கும். நம் தும்பாவில் உருவான எல்.வி.எம்.3 ராக்கெட்டின் இருபுறமும் நிற்கும் பெரிய திட எரிபொருள் பூஸ்டர்களின் வால்முனையைத் திருப்புவதற்கும் உயர் அழுத்த எண்ணெயும் நைட்ரஜனுமே துணை. 200 டன் எரிபொருளோடு எழும்பும் பூஸ்டரின் திசையை, வாயு தள்ளும் எண்ணெய் மாற்றுகிறது.

பொன்முடிப் பாதையில் நெடுமங்காட்டை அடுத்து வலியமலை இருக்கிறது. அங்குள்ள திரவ உந்து அமைப்புகள் மையத்தோடு தொடர்புடைய விகாஸ் எஞ்சின், 1974-ஆம் ஆண்டில் பிரான்சோடு செய்த ஒப்பந்தத்தின்வழி வந்த வைக்கிங் எஞ்சினின் உறவு. அதன் பம்பு விந்தையானது. ஒரே தண்டில் எரிபொருளுக்கு ஒரு பம்பு, நைட்ரஜன் டெட்ராக்சைடுக்கு ஒரு பம்பு, சூடான வாயுவைத் தணிக்கும் தண்ணீருக்கு ஒரு பம்பு. எரிபொருளும் டெட்ராக்சைடும் சந்தித்தால் தீக்குச்சியே வேண்டாம், தானே பற்றிக்கொள்ளும். நிமிஷத்துக்குச் சுமார் 10,000 முறை சுழலும் தண்டின்மீது இவ்விரண்டையும் பிரித்துவைப்பதற்கு ஒரு சீல் போதாது. எந்தச் சீலும் ஒருநாள் கசியத்தான் செய்யும்.

இத்தகைய இடங்களில் பொறியாளர்கள் கையாளும் வழி அழகானது. இரண்டு சீல்களை வைத்து, அவற்றுக்கு நடுவே வெற்றிடமாக ஓர் அறையை விட்டு, அதிலிருந்து வெளியே ஒரு துளையோ குழாயோ போடுவார்கள். எந்தப் பக்கம் கசிந்தாலும் கசிந்தது மறுபக்கத்துக்குப் போகாமல் வெளியே போய்விடும். கசிவைத் தடுப்பதைக் காட்டிலும், கசிந்தது எங்கே போகவேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பது இந்த முறை. சாதாரணத் தண்ணீர்ப் பம்பின் அடியிலும் இப்படியொரு துளை இருக்கும், பார்த்திருப்பீர்கள்.

ஒரு தொழிற்கூடத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். எண்ணெய் அழுத்தத்தைக்கொண்டு தண்ணீரை மிக உயர்ந்த அழுத்தத்துக்கு ஏற்றும் இயந்திரம் அங்கே இருந்தது. நடுத்துளையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்து தரை வழுக்கிற்று. மேற்பார்வையாளர் சுத்தத்தில் கண்டிப்பானவர். ஒரு மரமுளையைச் சீவித் துளையில் அடித்து அடைத்துவிட்டார். தரை பளிச்சென்று ஆயிற்று. சில வாரங்களில் தொட்டியைத் திறந்து பார்த்தால், எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தது. தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. வால்வுகள் துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டன. அந்த மரமுளை அவருக்கு மிச்சப்படுத்தியது ஒரு வாளி மரத்தூள்.

நீர்மின் நிலையங்களிலும் இந்தக் கவலை உண்டு. 1976-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய இடுக்கியில் உள்ளவை போன்ற பெல்ட்டன் சக்கரங்களைச் சுழற்றுவது தண்ணீர். அந்தத் தண்ணீரின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியை அசைப்பது எண்ணெய். இரண்டும் ஓரிரு அடி தூரத்தில் வேலைசெய்கின்றன. எண்ணெய் வெளுக்கிறதா என்று பார்ப்பது அங்குள்ளவர்களின் வழக்கமான கடமை.

மோட்டார் வண்டிக்குத் தண்ணீர் வேறு உருவில் வருகிறது. கிளைக்கால் வகைப் பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர் மழைக்காலத்தில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டாட் 3 என்ற தரத்தைச் சேர்ந்த திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கவேண்டும் என்பது விதி. அதில் நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்தபின் 140 டிகிரி வரை தாங்கினாற் போதும் என்கிறது அதே விதி. இடையிலுள்ள 65 டிகிரியும் தண்ணீர் தின்றது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை இடைவிடாமல் மிதித்துவந்தால், சக்கரத்தருகே திரவம் கொதித்து ஆவியாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். ஆகவே மிதி பஞ்சுபோல் உள்ளே போய்விடும். திறந்த டப்பாவில் மிஞ்சிய திரவத்தை அடுத்த ஆண்டுக்கு வைத்திருப்பதும், பல ஆண்டுகள் மாற்றாமல் ஓட்டுவதும் இதனால்தான் தவறு. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. மலை இறங்கும்போது கியரைக் குறைத்து, இயந்திரத்தையே பாதி பிரேக்காகக் கொள்வது அதைவிட நல்லது.

தவறான எண்ணெய் ஊற்றப்பட்டுவிட்டால் என்ன செய்வது? வண்டியை ஓட்டாதீர்கள்; பட்டறை வரைக்கும்கூட வேண்டாம், இழுத்துச்செல்லுங்கள். எண்ணெயை வடித்துவிட்டுப் புதுத் திரவம் ஊற்றினால் போதும் என்று சொல்லும் மெக்கானிக்கை நம்பாதீர்கள். ரப்பர் தின்றதைத் திருப்பித் தராது. தலைமை சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரங்கள் வரை ரப்பர் உறுப்பு ஒவ்வொன்றையும், ரப்பர்க் குழாய்கள் உட்பட, மாற்றவேண்டும். இரும்புக் குழாய்களைச் சாராய ஸ்பிரிட் ஊற்றிக் கழுவி உலர்த்தவேண்டும். எங்கள் ஜீப்புக்கு இந்த வேலை இரண்டு நாள் பிடித்தது. பொன்முடிக்கு நாங்கள் அந்த முறை போகவேயில்லை. கல்லாற்றங்கரையில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, விதுரா வரை நடந்து வந்து பஸ் ஏறினோம். ஓட்டுநர் மட்டும் வண்டியருகே இருந்தார். அடுத்தமுறை அவரைக் கண்டபோது, அவருடைய இருக்கைக்குப் பின்னே இரண்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்றின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்.